எந்த ‘இ’, டீச்சர்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. கிரேக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றில், பொலிக்சேனி டீச்சர் வீட்டு மாடியில் நான் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த வீட்டில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் என் சமையலறை ஜன்னல். ஆகவே யாரிடமாவது சண்டை போட வேண்டுமென்றால் டீச்சர் மாடியேறி வந்துவிடுவார். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்படித்தான் வந்தார். நான் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். கல்லறைக் கல் செதுக்கும் செராஃபிமைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தைச் சொன்னார். நான்கே சொல். கடைசிச் சொல்லுக்கு வந்ததும், “ஈதா போடு, சூரியன்ல வர்ற ஈதா” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, வறுத்ததில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

(இந்தப் பத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்காக உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.)

இனி கதையைத் தொடங்க வேண்டும். எட்டு முறை தொடங்கிப் பார்த்தேன்.

கி.மு. 480. மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய இடுக்கில்—

வேண்டாம். தெர்மோபிலே போரைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் அந்த இடுக்கில்தான் போய் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாரசீகப் பெரும்படையை எதிர்த்து முந்நூறு வீரர்கள்—

அடச்சே! பார்த்தீர்களா, நானே எழுதிவிட்டேன். விவரம் தெரிந்த நானே. இந்தத் தாளை டீச்சர் பார்த்திருந்தால் பெட்டி படுக்கையோடு என்னைத் தெருவில் தள்ளியிருப்பார்.

2

போர் முடிந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் ஆகியும் ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அது தெஸ்பியே என்ற இந்த ஊரில், தபால் பெட்டிக்கு எதிர்வீட்டில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வசிக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். கடைசி நாளன்று, இனித் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகும் அந்த இடுக்கில் நின்றவர்கள் முந்நூறு ஸ்பார்ட்டாக்காரர்கள். அவர்களோடு, யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களாகவே நின்றவர்கள் எழுநூறு தெஸ்பியேக்காரர்கள். நின்றார்கள், செத்தார்கள், பின்னாலேயே அவர்களுடைய ஊரையும் பாரசீகன் கொளுத்திவிட்டான். எழுநூறு முந்நூறைவிடப் பெரியது என்று சொல்வதற்குக் கணக்கில் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சிலைக்கு, தேநீர்க் குவளைக்கு, பனியனுக்கு, சினிமாவுக்கு எல்லாவற்றுக்கும் முந்நூறுதான்.

பொலிக்சேனி பக்கத்து நகரமான தீவாவில் முப்பத்திரண்டு வருடம் பழைய கிரேக்கம் நடத்தினார். வருடா வருடம் ஒரே கேள்வி, ஒரே விடை. ‘கடைசி நாளில் நின்றவர்கள் யார்?’ ‘முந்நூறு ஸ்பார்ட்டாக்காரர்களும் மற்றும் சிலரும்.’ அந்த ‘மற்றும் சிலர்’ என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ‘இவர்களுக்குப் பெயர் கிடையாதா?’ என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். ஒருமுறை ஒரு மாணவியின் அப்பா விடைத்தாளோடு பள்ளிக்கே வந்துவிட்டார்.

“பாடப்புத்தகத்துலயே அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு?”

“பாடப்புத்தகத்துலயும் சுழிச்சு வெச்சிருக்கேன். காட்டட்டுமா?”

தீவாப் பிள்ளைகள் வேறு அவரைச் சும்மா விடமாட்டார்கள். ஏனென்றால் தீவாக்காரர்கள் நானூறு பேரும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள். கடைசி நேரத்தில் கையைத் தூக்கிவிட்டார்கள்.

“உங்க ஊர் ஆளுங்க நின்னு செத்தாங்க, எங்க ஆளுங்க பொழைச்சு வந்தாங்க. யாரு டீச்சர் புத்திசாலி?”

“உட்காருடி. அந்தப் புத்திசாலித்தனத்துக்குத்தான் பாரசீக ராஜா சூடு போட்டு முத்திரை குத்தி அனுப்பினான். அதையும் சேர்த்துப் படி.”

[இங்கே ஒரு பக்கக் குறிப்பு. ஆங்கிலத்தில் ‘தெஸ்பியன்’ என்றால் நாடக நடிகன் என்று ஓர் அர்த்தம் இருக்கிறது. இதை அறியாத பொலிக்சேனி ஒருமுறை தெர்மோபிலேயில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றைப் பிடித்து நிறுத்தி, தன் அரைகுறை ஆங்கிலத்தில் எழுநூறு தெஸ்பியன்களைப் பற்றி அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி மிகுந்த அக்கறையோடு, “போர்க்களத்தில் அத்தனை நடிகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?” என்று கேட்டாளாம். அன்று வீட்டுக்கு வந்து டீச்சர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.]

3

ஓய்வு பெற்றதும் அவர் முதல் காரியமாக ‘எழுநூற்றுவர் சங்கம்’ ஆரம்பித்தார். உறுப்பினர்கள் பதினொரு பேர். தலைவர் மெலெத்திஸ், திராட்சைத் தோட்டக்காரர், எதைச் சொன்னாலும் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்கிறவர். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கல் நடுவதென்றும், திறப்பு விழாவுக்கு ஸ்பார்ட்டாவிலிருந்தே ஒரு சங்கத்தாரை அழைப்பதென்றும் முடிவானது. அடுப்பில் வாட்டிய ஆடு, மெலெத்திஸ் வீட்டுத் திராட்சை மது, எல்லாம் ஏற்பாடு. வாசகம் எழுதும் பொறுப்பு டீச்சருக்கு.

“இப்ப பேசுற கிரேக்கத்துலயே எழுதிடலாம், மெலெத்திஸ். எல்லாருக்கும் புரியும்.”

“புரிஞ்சிட்டா அப்புறம் என்ன மரியாதை? கல்லுல இப்பத்திய பாஷை எழுதினா ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ மாதிரி இருக்கும், பொலிக்சேனி. பழசுல போடு. வர்றவன் பயப்படணும்.”

மூன்று வாரம் யோசித்து நான்கு சொல் எழுதினார். முப்பத்திரண்டு வருடச் சிவப்பு மையை எல்லாம் வடிகட்டினால் மிஞ்சுகிற நான்கு சொல். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: எழுநூறு பேர் நின்றார்கள் எங்களுக்காக. அடியில் சின்னதாக, ‘வாசகம்: பொலிக்சேனி’. அந்த ஒரு வரி தப்பில்லாமல் கல்லில் நின்றுவிட்டால் போதும், அதற்குப் பிறகு தான் செத்தாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொன்னார். அதை அவர் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

[இன்னொரு குறிப்பு, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் சொல்வதெழுதுதலில் ‘சின்ன ர-வா, பெரிய ற-வா’ என்று கேட்கிற அவஸ்தை உங்களுக்குத் தெரியும். இவர்களுக்கு அதைவிட மோசம். ‘இ’ என்ற ஒரே ஓசையை ஆறு விதமாக எழுதுகிறார்கள். பழங்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஓசை இருந்தது. காலப்போக்கில் எல்லாம் தேய்ந்து ‘இ’ ஆகிவிட்டது. இதில் மாட்டிக்கொண்டவை இரண்டு சொற்கள். பழைய கிரேக்கத்தில் ‘எங்கள்’ என்பதற்கும் ‘இமோன்’, ‘உங்கள்’ என்பதற்கும் ‘இமோன்’. இன்றைய உச்சரிப்பில் காதுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. எழுதும்போது மட்டும் முதலெழுத்து மாறும். ஏணியில் ஒரு படி மாதிரி இருக்கிற ஈதா (இவர்கள் மொழியில் சூரியனுக்கு முதலெழுத்து அதுதான்) போட்டால் ‘எங்கள்’. கவட்டைக் குச்சி மாதிரி இருக்கிற இப்சிலோன் போட்டால் ‘உங்கள்’. இந்தத் தொல்லை தாங்காமல்தான் மக்கள் பேச்சில் அந்தச் சொற்களையே மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் மெலெத்திஸுக்குப் பழசுதான் வேண்டும்.]

4

சனிக்கிழமை காலை செராஃபிமின் வண்டியில் கல் வந்து இறங்கியது. மறுநாள் திறப்பு விழா. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மறுபடி துடைத்து, மறுபடி படித்தார்.

“டேய் செராஃபிம். இது என்னடா?”

“கல்லு, டீச்சர்.”

“அது தெரியுது. கடைசிச் சொல்லுக்கு முதலெழுத்து என்ன போட்டிருக்க?”

“இப்சிலோன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘இமோன்’னு சொன்னீங்க.”

“ஈதான்னு சொன்னேன்!”

“சொல்லல டீச்சர். எந்த ‘இ’, டீச்சர்னு நான்தான் கேட்டேன். ‘இதுகூடத் தெரியலன்னா மூணு வருஷம் நான் யாருக்குடா பாடம் நடத்தினேன்’னு கேட்டுட்டு ஃபோனை வெச்சுட்டீங்க.”

மெலெத்திஸ் நடுவில் புகுந்தார். “மாதாவே! ஆளாளுக்குக் கத்தாதீங்க. இப்ப அதுல என்னதான் எழுதியிருக்கு?”

“‘எழுநூறு பேர் நின்றார்கள் உங்களுக்காக’ன்னு எழுதியிருக்கு!”

“யாருக்காக?”

“உங்களுக்காக! கல்லு முன்னாடி எவன் வந்து நிக்கிறானோ அவனுக்காக!”

“நாளைக்கு வந்து நிக்கப் போறவன் ஸ்பார்ட்டாக்காரன்மா! விருந்துக்குக் கூப்பிட்டு மூஞ்சிக்கு நேரா ‘எங்காளு உங்களுக்காகச் செத்தான்’னு சொல்லிட்டு, அப்புறம் எப்படி ஆட்டுக்கறி பரிமாறுறது? தொண்டைல இறங்குமா?”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

“நீ பக்கத்துலதானே இருந்த? சொல்லு. ஈதான்னு சொன்னேனா, இல்லையா?”

5

வாசகரே, முதல் பகுதிக்குத் திரும்பிப் போய், ‘சூரியன்ல வர்ற ஈதா’ என்று வருகிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

அவர் சொல்லவில்லை. செராஃபிம் சொன்னதுதான் நடந்தது, எழுத்துப் பிசகாமல். “இதுகூடத் தெரியலன்னா மூணு வருஷம் நான் யாருக்குடா பாடம் நடத்தினேன்?” என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டார். இதை மாற்றி எழுதினேன். ஏன் மாற்றினேன் என்றால், கதை அப்போதுதான் சுலபமாக இருந்தது: அநியாயமாக விட்டுப்போன ஊர், அதற்காக வாதாடும் டீச்சர், மக்குக் கல்தச்சன். தவிர, என் குடியுரிமைக் காகிதத்துக்காக அலுவலகம் அலுவலகமாக என்னோடு அலைந்தவர் அவர். அவரைக் குற்றவாளியாக்க எனக்குக் கை வரவில்லை.

சதுக்கத்திலும் வாய் வரவில்லை.

“எண்ணெய்ச் சத்தம், டீச்சர்,” என்றேன். “உருளைக்கிழங்கு வறுத்துட்டிருந்தேன். சரியாக் காதுல விழல.”

செராஃபிம் என்னைப் பார்த்தான். டீச்சர் அவனை நோக்கி விரலை நீட்டினார்.

“கேட்டியா மெலெத்திஸ்? இவன் சத்தியம் பண்ணினாலும் நம்பாத. பதினாறு வயசுல இதே ஈதா, இதே இப்சிலோன். அதுக்குத்தான் ஃபெயில் போட்டு செப்டம்பர்ல மறுபடி எழுத வெச்சேன். முப்பது வருஷம் ஆச்சு, மண்டைல இன்னும் ஏறல!”

மத்தியானத்துக்குள் காப்பிக் கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. “என் மாமியார் கல்லுல என்னடா எழுதி வெச்ச? நல்லாப் பாத்தியா, செத்தது அவங்கதானா?” என்று ஒருத்தர் கேட்க, ஊரே சிரித்தது.

[வெட்கத்தோடு ஒரு குறிப்பு. இதுவரை டீச்சரை ‘அவர்’ என்றும் மெலெத்திஸைச் ‘சொல்கிறவர்’, ‘புகுந்தார்’ என்றும் எழுதிவிட்டு, செராஃபிமை மட்டும் ‘அவன்’ என்று எழுதிவந்திருக்கிறேன். கிரேக்கத்தில் இந்த வித்தியாசம் கிடையாது, நானாகப் போட்டது. செராஃபிமுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். எழுநூறு பேரை விட்டுவிட்டார்கள் என்று புலம்புகிற கதையில் ஒரு மனிதரிடமிருந்து ஒரு ‘ர்’ரை நான் திருடியிருக்கிறேன். இனிமேல் அவர்.]

6

வேண்டுமென்றே வெட்டினாரா? இந்தச் சந்தேகத்தில் கதை இரண்டு நாள் நகராமல் நின்றது. ஒரு வரைவில் வேண்டுமென்றே வெட்டினார்: செப்டம்பர் பரீட்சைக்கு முப்பது வருடம் காத்திருந்து வாங்கிய பழி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலமே நான் பட்டறைக்குப் போய் அவரிடம் நேராகக் கேட்டிருந்தேன்.

“பழி வாங்கறதுக்கா? கல்லு என்ன வெலை தெரியுமா?” என்று சிரித்தார் செராஃபிம். பிறகு உளியைக் கீழே வைத்தார். “உண்மையைச் சொல்றேன். எந்த ‘இ’ன்னு தெரியாமதான் நின்னேன். அப்புறம் யோசிச்சேன். இருபத்தஞ்சு வருஷமா கல்லறைக் கல்லு வெட்டுறேன். எந்தக் கல்லும் செத்தவனைப் பாத்து நிக்காது, வீட்டு ஆளுங்களைப் பாத்தும் நிக்காது. போறவன் வர்றவனைப் பாத்துத்தான் நிக்கும். ‘எங்களுக்காக’ன்னு நாமளே நம்ம சதுக்கத்துல எழுதி, நாமளே படிச்சு, நாமளே அழறதுக்கு எதுக்குக் கல்லு? நமக்குத்தான் தெரியுமே. அப்ப டீச்சர் ‘உங்களுக்காக’ன்னுதான் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க பெரிய படிப்பாளி ஆச்சே.”

இதை நான் டீச்சரிடம் வந்து அப்படியே சொன்னேன். இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்தேன். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு வாசகத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வெகுநேரம் பார்த்தார்.

“மூணு வாரம்,” என்றார். “மூணு வாரம் ராப்பகலா யோசிச்சேன். எனக்கு இது தோணல. அந்தக் கழுதைக்குத் தோணியிருக்கு.”

பிறகு எரிச்சலோடு என்னைப் பார்த்தார். “உன் பாஷைல இதை எப்படி எழுதுவ?”

உங்களுக்காக என்பதில் சிக்கல் இல்லை, ஆனால் எங்களுக்காக என்றால் கேட்பவர் அதில் சேர்த்தியில்லை, நமக்காக என்றால் கேட்பவரும் சேர்த்தி, எதைப் போடுவதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

“உங்களுக்கு ‘நாங்க’வே ரெண்டா? எங்காளுங்களுக்கு இருக்கிற ஒண்ணையே ஒழுங்கா எழுத வரல! போ, கதவைச் சாத்திட்டுப் போ.”

7

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஊரே சதுக்கத்தில் கூடியது. வேறு கல்லுக்கு நேரமில்லை; அதே கல்தான், மேலே கொடித் துணி. ஸ்பார்ட்டாக்காரர்கள் ஐம்பது பேர் பேருந்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் லிகூர்கோஸ், எண்பதை நெருங்கும் ஒலிவத் தோட்டக்காரர், துணியை இழுத்தார். மெலெத்திஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

லிகூர்கோஸ் குனிந்து, விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே, உரக்கப் படித்தார். “...இபேர் இமோன்.” (‘இபேர்’ என்றால் ‘க்காக’.)

காதுக்குத்தான் வித்தியாசம் இல்லையே! பிழையைத் திருத்திவிட்டார்கள் போல என்று நினைத்த எங்கள் ஊர்க்காரர்கள் ‘எங்களுக்காக’ என்று கேட்டுக்கொண்டு கைதட்டினார்கள். அந்த நேரத்தில் கல்லை நேரில் படித்தவர் அவர் ஒருவர்தான். அவர் தொப்பியைக் கழற்றினார். “ஆமா,” என்றார், கல்லைப் பார்த்து. “எங்களுக்காக. எங்க ஊர்ல இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல.” அந்தக் கிழவர் அழுதார்.

மைக்கை டீச்சரிடம் கொடுத்தார்கள். இதற்குள் முன்வரிசையிலிருந்த ஒரு வாத்தியார் கல்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, “இது எழுத்துப் பிழையோ?” என்று கிசுகிசுக்கத் தொடங்கியிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். பின்வரிசையில் கைகட்டி நின்ற செராஃபிமைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“கல்லுல பிழை எதுவும் இல்ல,” என்றார். “‘உங்களுக்காக’ன்னுதான் இருக்கு. செராஃபிம் மேல யாரும் பழி போட வேண்டாம். நான் சொன்னபடிதான் வெட்டியிருக்கான். கல்லு போறவங்க வர்றவங்களைப் பாத்துத்தான் பேசணும். நமக்கு எதுக்குக் கல்லு? நமக்குத்தான் தெரியுமே.”

சதுக்கம் அதிர்ந்தது. லிகூர்கோஸ் வந்து டீச்சரின் கையைப் பிடித்து முத்தமிட்டார். மெலெத்திஸ் “நான்தான் பழசுல எழுதச் சொன்னேன்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது: ‘அரிய வாசகத்தை இயற்றிய ஆசிரியை பொலிக்சேனி, சங்கத் தலைவர் மெலெத்திஸ் மற்றும் சிலர் விழாவில் கலந்துகொண்டனர்.’

டீச்சர் அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். ‘மற்றும் சிலர்’ என்பதைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறாரா என்று மேஜைப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். இதுவரை இல்லை.

8

முடிவு வேண்டும் என்கிறீர்கள்.

டீச்சர் ஒரு மனிதரை ஊர்ச் சிரிப்பிலிருந்து காப்பாற்றினார் என்று முடிக்கலாம். அதே வாயால் அவருடைய யோசனையைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார் என்றும் முடிக்கலாம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடந்தன. எந்தப் பக்கம் பிரிப்பதென்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயன்று சலித்தும்விட்டது. ஒரு வரைவில் நான் மைக்கைப் பிடுங்கி உண்மையைச் சொல்கிறேன். படிக்க நன்றாக இருந்தது. கிழித்துப் போட்டேன். நடந்தது என்னவென்றால், நான் கையில் ஆட்டுக்கறித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். செராஃபிம் பக்கத்தில் வந்து, தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்து, மெல்லக் கேட்டார்:

“அன்னிக்கு உருளைக்கிழங்கு நல்லா வறுபட்டுச்சா?”

அதற்காகத்தான் இதை எழுதினேன். சாட்சி சொல்லியாயிற்று: அவர் எந்த ‘இ’ என்று கேட்டார், டீச்சர் சொல்லவில்லை, பக்கத்திலிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் எந்த மொழியில் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். இந்தக் கதையைப் படிக்க வேண்டிய ஒரே மனிதருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

கல்லின் வாசகத்தைக் கடைசியாக ஒருமுறை தமிழில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நல்லவேளை, நம் மொழியிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

எழுநூறு பேர் நின்றார்கள் ( )ங்களுக்காக.

முதலெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எந்த எழுத்து என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, காதில் ஒன்றும் விழவில்லை.